எட்டாம் சுற்றுக் கொம்பன்

அய்யா,

இன்று காலை பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கிப் போட்டபோது அந்தப் போன் ஸ்டாண்டு அகப்பட்டது. கட்டில் கம்பியைக் கவ்விக்கொண்டு, கழுத்தை எந்தப் பக்கம் வளைத்தாலும் அப்படியே நிற்குமே, அதுதான். வழுக்காமல் இருக்க சிஸ்டர் சுற்றிவிட்ட வெள்ளைப் பிளாஸ்திரி இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனேன். ஸ்பிரிட், பினாயில், ரப்பர் குழாய் எல்லாம் கலந்த டயாலிசிஸ் அறையின் வாசம் போகவே இல்லை. "அதை எதுக்குடி மோந்துக்கிட்டு இருக்க? பழைய சாமான்காரன் வந்தா தூக்கிப் போடு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அதை வாங்கி முந்தானையால் துடைத்து மறுபடியும் பரணில் வைத்தாள்.

நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை. செத்தவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. இருந்தும் எழுதுகிறேன். உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, அபிராமம் பக்கத்து நம் வீட்டைப் பூட்டி, மிளகாய்க் காட்டைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, வேலைக்காக நான் இராமநாதபுரத்தில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு நீங்களும் அம்மாவும் வந்தீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊசி குத்திய இடது கையை அசைக்கவே கூடாது. அரை நாள் அப்படியே படுத்திருக்க வேண்டும். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் போனில் கார்டு கேம் ஆடிக்கொண்டிருப்பேன். கல்லூரியில் பிடித்த பழக்கம். மாதம் முழுக்க லேடர் என்கிற தரவரிசைப் படிகளில் ஏறுவேன், மாதம் முடிந்ததும் அது என்னைக் கீழே தள்ளிவிடும், வெட்கமில்லாமல் மறுபடி ஏறுவேன். ஒருநாள் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"என்னத்தா அது, சீட்டா?"

எனக்குப் பயம்தான். பங்குனித் திருவிழாவில் சீட்டு விளையாடிய சித்தப்பாவை ஊர் பார்க்கச் செருப்பால் அடித்தவர் நீங்கள். "சீட்டு மாதிரிதான் அய்யா, ஆனா காசு கெடையாது" என்றேன்.

"காசில்லாம எவனாச்சும் சீட்டாடுவானா? கொண்டா பாப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. எங்கோ இருக்கிற ஒருவரோடு போன் வழியாக ஆடுகிறோம் என்பதை நீங்கள் நம்பவே இரண்டு மூன்று நாளாயிற்று. ஆட்டத்தின் முறையைச் சட்டென்று பிடித்துக்கொண்டீர்கள். ஆளுக்கு முப்பது சீட்டு. நம்மிடம் சேர்ந்திருக்கும் சீட்டுகளிலிருந்து அந்த முப்பதையும் நாமே பொறுக்கிக் கட்ட வேண்டும், அதற்குப் பெயர் டெக். முதல் சுற்றில் செலவழிக்க ஒரு சக்தி கிடைக்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு, அப்படியே ஏறும். சின்னச் சீட்டைச் சீக்கிரம் இறக்கலாம். பெரிய சீட்டுக்குப் பெரிய சுற்று வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். எதிராளியின் உயிரை முதலில் தீர்ப்பவருக்கு வெற்றி.

சீட்டில் உள்ள இங்கிலீஷ் உங்களுக்குத் தேவைப்படவில்லை. படத்தைப் பார்த்து நீங்களே பெயர் வைத்தீர்கள். கேடயத்தோடு குறுக்கே நிற்பவன் காவக்காரன். மந்திரக்கிழவி ஒருத்திக்கு நம் அத்தையின் பெயரை வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்றீர்கள். ஒற்றைக் கொம்போடு நெருப்பைக் கக்கும் ஒரு மிருகம் உண்டு, எட்டாவது சுற்றுக்கு முன்னால் இறக்க முடியாது. இறங்கினால் எதிர்ப்பக்கம் நிற்பவை எல்லாம் செத்துவிடும். அது கொம்பன். திரையில் புதுச் சீட்டுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தபோது உங்கள் விரலுக்கு வந்த சீட்டு. வெகுநாள் ஆடிய எனக்கே அது அதுவரை வந்ததில்லை. வயிறெரிந்தேன் என்று இப்போது சொல்வதில் ஒன்றுமில்லை.

சிஸ்டர் ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "படிச்ச பிள்ளைதானே நீ? சீக்காளியப் போயி ரம்மி ஆட விடுற. ஆன்லைன் ரம்மியில எத்தன குடும்பம் தெருவுக்கு வந்திருக்கு தெரியுமா?" நான் விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அவரே பிளாஸ்திரி கொண்டுவந்து ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தார். வீட்டில் அம்மாவின் பேச்சு வேறு. "அப்பனும் மகளும் சேந்து சீட்டாடுறாக. ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாக."

நீங்கள் பெரிய ஆட்டக்காரர் இல்லை, அய்யா. போனவரைப் புகழ வேண்டும் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். லேடரின் அடிப்படியிலேயே கிடந்தீர்கள். ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் கைக்கு வரும் சீட்டுகளில் உதவாததைக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம். "வந்தத எப்புடித்தா திருப்பி அனுப்புறது" என்று சொல்லி ஒன்றையும் மாற்ற மாட்டீர்கள். நான் ஜெயிப்பவர்களின் டெக்கை நெட்டில் பார்த்து அப்படியே கட்டுகிறவள். அந்தந்த மாதம் எது ஓடுகிறதோ அதை நாங்கள் மெட்டா என்போம். மெட்டாவை விட்டு விலகி ஆடுவது வீண் வேலை என்பது என் கட்சி. உங்களுக்கு அது பிடிக்காது. "எல்லாப் பயலும் ஒரே வெள்ளாமையப் போட்டா வெல கெடைக்குமா?" என்பீர்கள். நியாயமாகத்தான் தோன்றும். பிறகு நீங்களாகக் கட்டிய டெக்கோடு போய் ஆறாவது சுற்றிலேயே அடிவாங்கித் திரும்புவீர்கள்.

ஆனால் நீங்கள் தோற்றதற்குப் பெரிய காரணம் டெக் இல்லை. கொம்பன் கையில் இருக்கும். எட்டாவது சுற்றும் வந்துவிடும். எதிரில் ஐந்து பேர் நிற்பார்கள். நீங்கள் ஒரு காவக்காரனை மட்டும் வைத்துவிட்டுச் சுற்றை முடிப்பீர்கள். அடுத்த சுற்றிலும் அதேதான். கடைசியில் தோற்றுப்போன திரையில் கொம்பன் உங்கள் கையில் பளபளவென்று இருக்கும்.

"அய்யா, கையில வச்சுக்கிட்டே தோக்குறதுக்கு அந்தச் சீட்டு எதுக்கு?"

"இதவிட மோசமா ஒன்னு வந்தா அப்ப என்ன செய்வ? எல்லாத்தையும் எறக்கிப்புட்டு வெறுங்கையோட உக்காரச் சொல்றியா?"

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மழை பொய்த்த வருடம் ஒன்றில் காட்டில் ஒரு மிளகாய்ப் பழம்கூட மிஞ்சவில்லை. மிளகாய் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில் கடையில் வற்றல் வாங்கிக் குழம்பு வைத்தோம். விதைக்கென்று எடுத்துக் கலயத்தில் போட்டு வாயைக் கட்டிய வற்றலில் மட்டும் நீங்கள் கைவைக்க விடவில்லை. அம்மா கேட்டுப் பார்த்தாள், நான் அழுது பார்த்தேன். காட்டில் அது சரி. அடுத்த மழை என்று ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தில் அடுத்த மழை கிடையாது, இந்த முப்பது சீட்டு முடிந்தால் எல்லாம் முடிந்தது. இதை உங்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டைப் பக்கத்துக் கட்டில் பாய் பார்த்துச் சிரிப்பார்.

கீழக்கரைக்காரர், வளைகுடாவில் வெகுகாலம் சமைத்துப் போட்டுவிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர். மகன்கள் அங்கேயே இருந்தார்கள். "எறக்குங்கண்ணே எறக்குங்க, கொம்பன வச்சு என்ன கந்தூரி விருந்தா குடுக்கப்போறீக?" என்று படுத்தபடியே கத்துவார்.

இனி நம் சண்டைக்கு வருகிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், உங்கள் இதயம் தாங்குகிற நிலையில் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு அறுவைசிகிச்சைக்கு உடம்பு இடம்கொடுக்காது என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் கொடுக்க முடியாது. நான் ஒரே மகள். எனக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். பொருந்தியது. அந்தச் செய்தியை நான் ஓடிவந்து சொன்னபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் வேணாம்" என்றீர்கள்.

ஏன் என்று எத்தனை விதமாகக் கேட்டேன். "நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் காட்சி வேணாமா? ஒத்தக் கிட்னியோட இருக்கவள எவன் கட்டுவான்? ஒரு பிள்ளப்பேறுன்னு வந்தா ஒடம்பு தாங்குமா?" ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம், பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டரையே சொல்லவைத்தேன். அவர் முன்னால் தலையை ஆட்டினீர்கள், வெளியே வந்ததும் "உனக்குன்னு இருக்கட்டும்" என்றீர்கள். அம்மாவிடம் போய் நின்றேன். "நீ குடுத்தா அவுக பொழைப்பாக. குடுத்தா ஒன் வாழ்க்கை என்னாகும்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் யாரு பக்கம்டி பேச?" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

பாய் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். "அண்ணே, என் பிள்ளைக போனுல துவாச் செய்யுதுக. உங்களுக்கு பிள்ள பக்கத்துல உக்காந்து தாரேங்குது. அல்லா குடுக்குறத வேணாங்காதீக." போனை எடுத்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினீர்கள். எட்டாவது சுற்றில் கொம்பனை வைத்துக்கொண்டு தோற்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கித் தரையில் அடித்திருப்பேன்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இந்த மனுஷர் ஆட்டத்தில் ஒருமுறையாவது கையிலிருப்பதை இறக்கி ஜெயித்துவிட்டால், மற்றதற்கும் மனம் இளகும் என்று நினைத்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அப்போது எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

எங்கள் தமிழ் ஆட்டக்காரர்கள் குழு ஒன்று சனிக்கிழமைகளில் சின்னப் போட்டி நடத்தும். ஆளுக்கு மூன்று டெக் கொண்டுவர வேண்டும். எதிராளி அதில் ஒன்றைத் தடுத்துவிடுவார். மீதி இரண்டாலும் எதிராளிக்கு முன்னால் ஒவ்வொரு வெற்றி எடுப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். உங்கள் பெயரைக் கொடுத்தேன். நான் கட்டிய இரண்டு அடிதடி டெக், நீங்கள் கட்டிய கொம்பன் டெக் ஒன்று. லேடர் போல ஒரு ஆட்டம் தோற்றால் அடுத்த ஆட்டம் என்று இதில் போய்விட முடியாது. அதனால் எதிராளி எதைத் தடுப்பார், நாம் எதைத் தடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு வாரம் பேசினோம். குழம்பு ஊற்றும்போதுகூட நீங்கள் அதைத்தான் பேசினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

எதிராளி தூத்துக்குடிக்காரர். கொம்பன் டெக்கைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தோம், அவரோ அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. என் டெக் ஒன்றைத் தடுத்தார். இன்னொன்றில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். கொம்பன் டெக்கால் தோற்றீர்கள். அவரிடமும் ஒரு டெக்தான் மிச்சம், உங்களிடமும் கொம்பன் டெக்தான் மிச்சம். கடைசி ஆட்டம். இரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே இராமேஸ்வரம் போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன, பாய் தலையணையில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்க்கிறார். எட்டாவது சுற்று வந்தது. எதிரில் ஆறு பேர். உங்கள் விரல் காவக்காரன் மேலே போய் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் சொல்லித்தரக் கூடாது என்பது போட்டி விதி.

விரலை நகர்த்திக் கொம்பனைத் தொட்டு மேலே இழுத்தீர்கள்.

ஆறு பேரும் எரிந்து போனார்கள். அடுத்த இரண்டு சுற்றில் ஆட்டம் முடிந்தது. பாய் போட்ட சத்தத்தில் சிஸ்டர் ஓடிவந்தார். உங்கள் பிரஷர் ஏறி மிஷின் கத்தியது. "ஏத்தா, ஜெயிச்சுட்டமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஜெயிச்சுட்டோம் அய்யா, ஜெயிச்சுட்டோம் என்று நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

டயாலிசிஸ் முடிந்து வாசல் டீக்கடையில் உட்கார்ந்தோம். தண்ணீருக்குக் கட்டுப்பாடு. அரை கிளாஸ் டீயை ஒரு மணி நேரம் குடிப்பீர்கள். அப்போது கேட்டேன்.

"இப்பவாச்சும் புரியுதா அய்யா? வேணுங்கிற நேரத்துல எறக்குனாத்தான் அதுக்கு மதிப்பு. என்னோடத வாங்கிக்கிருங்க. டாக்டர்ட்ட நாளைக்கே சொல்லிருவோம்."

நீங்கள் கிளாசைக் கீழே வைத்தீர்கள். கோபமே இல்லை உங்கள் குரலில்.

"நீ சொன்னது சரிதான் ஆத்தா. வச்சுக்கிட்டே தோத்தேன், புத்தி கெட்ட வேலதான். ஆனா அங்கன எறக்குனது என் சீட்டு. இது ஒன் சீட்டு. ஒன் சீட்ட நான் எப்புடி எறக்குவேன்?"

நான் தருகிறேன் என்கிறேன், அது என் இஷ்டம்தானே என்று பிறகு வீட்டில் கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், சாப்பிடாமல் இருந்தேன். கையெழுத்துப் போட நீங்கள் சம்மதிக்காமல் எந்த ஆஸ்பத்திரியும் கத்தியை எடுக்காது என்பது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை போட்டியின் இரண்டாம் கட்டத்தில் தோற்றீர்கள். அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை, எதிராளி நல்ல ஆட்டக்காரர். அதற்குப் பிறகு ரொட்டேஷன் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை பழைய சீட்டுகளை ஸ்டாண்டர்ட் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். கொம்பனும் போனான். "நல்லா இருக்க சீட்ட எதுக்குத் தூக்குறான்?" என்று நீங்கள் கேட்டதற்கு, புதுச் சீட்டு விற்க வேண்டாமா என்றேன். எல்லாக் காலத்துச் சீட்டுக்கும் இடம் உள்ள ஓப்பன் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோனேன். அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருப்பார்கள். நான்காவது சுற்றில் ஆளை முடித்துவிடுவார்கள். எட்டாவது சுற்றை நீங்கள் அங்கே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இப்போது இறக்குவதற்கு மனம் இருந்தது. நேரம்தான் இல்லை.

பாயின் கட்டிலில் வேறு ஒருவர் வந்து படுத்தார். பாய் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு எடுத்த சோதனையில் உங்கள் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மாற்று அறுவைசிகிச்சை செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கப் போனவர் வாளிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உங்கள் டெக்கை எடுத்து ஓப்பனில் ஆடிப் பார்த்தேன். என்னதான் தலைகீழாக நின்றாலும் அது தாக்குப்பிடிக்காது. ஒரு சீட்டை மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை, ஐந்தை மாற்றினால் ஜெயிக்கவும் செய்யும். மாற்றினால் அது உங்கள் டெக் இல்லை. இப்போது நான் ஆடுவதில்லை.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. போன மாதம் பரமக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காபி கொடுத்துவிட்டு, "எம் பிள்ள ஒடம்புல ஒரு கொறையும் கெடையாதுங்க" என்று கேட்காமலே சொன்னாள். சொல்லும்போது அவள் உங்கள் படத்தைப் பார்த்தாள். போய்விட்டுப் போன் செய்தார்கள். பெண்ணுக்கு வயது கூடுதலாக இருக்கிறதாம். யாரும் கிட்னியைப் பற்றிக் கேட்கவில்லை, அய்யா. இதற்கு முன்னால் வந்தவர்களும் கேட்டதில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண், "கிட்னி ரெண்டும் சூப்பரா இருக்குக்கா" என்று சிரித்தாள். மற்றவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் ஆசைப்பட்டபடி எனக்கென்றே இருக்கின்றன. வேலைக்குப் போகும்போதும், சந்தையில் மீன் வாங்கும்போதும், உங்களை நினைக்காத நேரத்திலும் இரண்டையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். எனக்கு ஒன்று போதும், அய்யா.